குந்தவை என்னும் பெயர்

1. வினா

எழுத்தறிந்த தமிழர் எவரிடத்தும் குந்தவை யார் என்று வினவினால், இராஜராஜ சோழனின் தமக்கை என்ற விடை தயக்கமின்றி வந்து விழுகிறது. ஆயினும் தம் வீட்டிலோ உறவினரிடையிலோ அப்பெயர் பூண்ட பெண்ணொருத்தியைக் காட்டும்படி கேட்டால், அவ்விடையைத் தந்தவர்களிலேயே பெரும்பாலோர் மௌனம் சாதிக்க வேண்டியவர்களாகிறார்கள். இவ்வளவு பிரசித்தமான ஒரு பெயர் இவ்வளவு அரிதாய் வழங்குவது விசித்திரமே. கண்ணகி, மாதவி, மணிமேகலை முதலிய காவியப் பெயர்களெல்லாம் பிறப்புப் பதிவேடுகளில் இடம் பெற்றுவிட்ட நாட்டில், சரித்திரத்தில் மெய்யாகவே வாழ்ந்து, கற்றளிகள் எடுப்பித்து, கல்லில் தன் பெயரைத் தானே பொறித்துச் சென்ற ஒரு பெருமாட்டியின் பெயர் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது ஏன்?

இவ்வினாவுக்கு விடை காண, அப்பெயரின் பொருள் யாது, அது எங்கிருந்து சோழ வம்சத்தினுள் புகுந்தது, எவ்வாறு மறைந்தது, எவர் அதனை மீட்டனர் என்பவற்றை முதலில் ஆராய்தல் அவசியம். குந்தவை என்றவுடன் தஞ்சையும் பழையாறும் நம் நினைவில் எழுவதால், அது காவிரிக் கரையிலேயே முளைத்த பெயர் என்று கொள்வது இயல்பாகிவிட்டது. சாசனங்களைக் காலமுறையில் அடுக்கிப் பார்ப்பவர்க்கு அந்த அபிப்பிராயம் நிலைநிற்பதில்லை.

2. சொல்லின் உறுப்புகள்

கல்வெட்டுகளில் இப்பெயர் குந்தவை என்றும் குந்தவ்வை என்றும் இருவகையாக எழுதப்பட்டுள்ளது. வகரம் இரட்டித்த வடிவே பழமையானது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை; ஏனெனில் அவ்வடிவில்தான் பெயரின் இரண்டாம் பகுதி தன் உருவத்தை மறையாது காட்டுகிறது. அவ்வை என்பது தாயையும் மூதாட்டியையும் மதிப்புக்குரிய பெண்ணையும் குறிக்கும் சொல். தமிழில் ஔவை என்ற புலமைப் பெயராக நின்ற அதுவே கன்னட நாட்டில் அவ்வெ என்றும் அப்பெ என்றும் வழங்கி, உயர்குடிப் பெண்களின் பெயர்களுக்கு ஈறாகப் பெருவழக்குப் பெற்றது. பொன்னரின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எடுப்பித்தவளும், ரன்னனை ஆதரித்தவளும், லக்குண்டியில் ஜினாலயம் கட்டியவளுமான அத்திமப்பெ இவ்வழக்குக்குத் தலைசிறந்த உதாரணம்.

முதற்பகுதிதான் தொல்லை தருவது. குந்தம் என்ற உருவில் வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள் இரண்டு: ஒன்று மல்லிகை இனத்தைச் சேர்ந்த வெண்பூ, மற்றொன்று ஈட்டி. குருந்த மரத்தையும் குந்தம் என்பதுண்டு. தமிழ் எழுத்தில் இவற்றிடையே வேற்றுமை காட்ட வழியில்லை. வடமொழியிலோ பூவைக் குறிக்கும் சொல் மெல்லோசையான தகரத்தாலும், ஈட்டியைக் குறிக்கும் சொல் வல்லோசையான தகரத்தாலும் எழுதப்படுகின்றன. வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியரின் வடமொழிச் செப்பேடுகள், அத்தையின் பெயரையே பூண்ட இராஜராஜனின் மகளைக் குந்தவா என்று குறிக்குமிடத்து மெல்லோசை எழுத்தையே ஆளுகின்றன. இதனை மட்டும் கொண்டு ஈட்டியை விலக்கிவிட இயலாது. மெல்லினத்தை அடுத்த வல்லினம் தமிழர் நாவில் எப்போதும் மெலிந்தே ஒலிப்பதால், கேட்டபடி எழுதிய லேககன் மெல்லோசை எழுத்தையே இட்டிருப்பான். ஆனால் வல்லோசை, மெல்லோசை இரண்டுக்கும் தனித்தனி எழுத்துடைய கன்னட நாட்டிலேயே, சோழ குந்தவைகளுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, இதே முதற்பகுதி மெல்லோசையோடு ஒரு பெண்பெயரில் காணப்படுவதை அடுத்த பகுதியில் காட்டுவேன். அச்சான்று பூவின் பக்கமே சாய்கிறது. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராஷ்டிரகூட மூன்றாம் அமோகவர்ஷனுக்கு மனைவியாக வந்த சேதி நாட்டுக் களசூரி இளவரசியின் பெயர் குந்தகதேவி என்பதையும் இங்கு நினைவு கூர்தல் தகும். குந்தப் பூவைப் பெண்ணுக்குப் பெயராக்கும் வழக்கம் விந்தியத்துக்கு அப்பாலும் இருந்தது.

கன்னடத்தில் குண்ட என்று தொடங்கும் பெயர்களும் பல உள. அத்திமப்பெயின் தங்கை பெயரே குண்டமப்பெதான். அவற்றோடு குந்தவையை இணைத்துப் பேச ஒருவர் ஆசைப்படலாம். அப்பெயர்களில் வருவது டகரம்; குந்தவையின் தகரம் எந்தச் சாசனத்திலும் டகரமாக மாறவில்லை. ஆகவே அந்த வழி அடைபட்டதே. எனவே, குந்தவை என்பதற்கு ‘குந்தப் பூப் போன்ற அம்மை’ என்று பொருள் கொள்வதே கிடைக்கும் ஆதாரங்களுக்கு மிகவும் இசைந்தது என்பது என் அபிப்பிராயம். மல்லிகா, மாலதி என்று நம் பெண்களுக்கு இன்றும் பெயரிடுகிறோமே, அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

3. கங்க நாட்டுத் தடங்கள்

கன்னட நாட்டுக் கங்க மன்னன் ஸ்ரீபுருஷனுடைய தேவரஹள்ளிச் செப்பேடுகள் 776-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அவை, பரமகூளன் என்னும் நிர்குந்த நாட்டுத் தலைவனின் மனைவி குந்தாச்சி என்பவள் ஸ்ரீபுரத்தில் லோகதிலகம் என்ற ஜினாலயத்தை எடுப்பித்ததையும், அதற்கு அளிக்கப்பட்ட தானத்தையும் கூறுகின்றன. பெயரின் ஈறு மட்டுமே வேறு; ஆச்சிக்குப் பதில் அவ்வையை வைத்தால் நம் பெயர் கிடைத்துவிடுகிறது.

அந்த முழு வடிவம் ஒன்பதாம் நூற்றாண்டில், பாலாற்றுப் பகுதியில், வேலூருக்கு அண்மையிலுள்ள திருவல்லத்தில் வெளிப்படுகிறது. பாண மன்னன் வித்யாதரனின் பெருந்தேவியாகிய குந்தவ்வை அவ்வூர்ச் சாசனத்தில் குறிக்கப்படுகிறாள். அவள் கங்க மன்னன் பிருதிவீபதியின் மகள் என்பதையும் அச்சாசனம் மறவாமல் சொல்கிறது. இந்தப் பிருதிவீபதியை நம் சரித்திர வாசகர்கள் வேறோரிடத்தில் சந்தித்திருக்கிறார்கள். கும்பகோணத்துக்கு அருகே திருப்புறம்பியத்தில், பல்லவ அபராஜிதனின் பக்கம் நின்று, பாண்டியன் வரகுணனை எதிர்த்துப் போரிட்டு, வெற்றியைத் தன் தரப்புக்கு அளித்துவிட்டுத் தான் களத்தில் உயிர் நீத்தவன் அவன். உதயேந்திரச் செப்பேடுகள் அதைப் பாடுகின்றன. சோழர் எழுச்சிக்கு வித்திட்டது அந்தப் போரே என்பது சரித்திர ஆசிரியர் பலரின் கொள்கை. சாசனங்களில் நாம் காணும் முதல் குந்தவ்வையின் தந்தை சோழ நாட்டு மண்ணில் மடிந்தான். அவன் மகளின் பெயர் சோழர் அரண்மனைக்குள் நுழைய இன்னும் இரண்டு தலைமுறைகள் ஆயின.

ஆக, இப்பெயரின் தொடக்க காலத் தடங்கள் கங்க நாட்டிலும், கங்கரோடு மணவுறவு கொண்ட பாணர் நாட்டிலும் கிடைக்கின்றன; காவிரிப் படுகையில் அல்ல. இதனை வைத்து அது கன்னடப் பெயர் என்று முத்திரை குத்துவது அவசரமாகும். பாணர் நாடு தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து புழங்கிய எல்லைப் பிரதேசம். அவ்வை என்ற ஈறோ இரு மொழிக்கும் பொதுச் சொத்து.

இது ஜைனப் பெயரா என்ற வினாவும் எழக்கூடும். குந்தாச்சி ஜினாலயம் கட்டினாள். போளூருக்கு அருகிலுள்ள திருமலையிலும், திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்திலும் குந்தவை ஜினாலயங்கள் எழுந்தன. திகம்பரர் போற்றும் ஆசாரியர் பெயரோ குந்தகுந்தர். இவ்வளவையும் ஒன்றாகத் திரட்டிக் காட்டினால் மயக்கம் உண்டாவது இயற்கை. ஆனால் குந்தகுந்தரின் பெயர் அவர் பிறந்த ஊரினின்று வந்தது. பாண அரசி குந்தவ்வையின் பெயர் பொறித்த திருவல்லத்துக் கோயில் சிவனுடையது. தாதாபுரத்தில் இராஜராஜனின் தமக்கை சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் மூன்று கோயில்களை ஒருங்கே எடுப்பித்தாள். ரவிகுல மாணிக்க ஈசுவரம், குந்தவை விண்ணகர், குந்தவை ஜினாலயம் என்பன அவற்றின் பெயர்கள். சமயப் பாகுபாடு இப்பெயரை அணுகவில்லை.

திருமலைச் சாசனம் ஒன்றைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. இராஜேந்திரனின் கங்கைப் படையெடுப்புக்கு ஆதாரமாகச் சரித்திர ஆசிரியர் ஓயாமல் எடுத்தாளும் பாறைச் சாசனம் அதுவே. மெய்க்கீர்த்தியைப் படித்து முடித்தவுடன் அவர்கள் கண்ணை எடுத்துவிடுகிறார்கள். அதனைத் தொடர்ந்து வரும் தான வாசகத்தையும் படித்திருந்தால், பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த வணிகர் ஒருவரின் மனைவி சாமுண்டப்பை என்பவள் குந்தவை ஜினாலயத்துக்கு விளக்கும் அமுதும் நிகழப் பொன் அளித்ததைக் கண்டிருப்பர். அவ்வை ஈற்றுப் பெயரால் அமைந்த கோயிலுக்கு அப்பை ஈற்றுப் பெயருடையாள் ஒருத்தி, அதுவும் பழைய பாணர் நாட்டினள், தானம் செய்கிறாள். பெயர் எந்த நிலத்துக்குரியது என்பதற்கு இதைவிட நயமான சாட்சி வேண்டியதில்லை.

4. சோழர் இல்லத்தில்

சோழ அரசியருள் இப்பெயர் பூண்டு முதலில் தோன்றுபவள் அரிஞ்சயனின் தேவியாகிய வீமன் குந்தவை. கணவன் மறைந்த பின்னரும் வாழ்ந்திருந்து, சுந்தர சோழன் காலத்தில் அறங்கள் செய்தவள். வீமன் என்பது தந்தை பெயர். இந்த வீமன் யார்? வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியரில் பீமன் என்ற பெயருடையோர் இருந்தமையாலும், முதலாம் பராந்தகனின் சேனாபதி மாறன் பரமேசுவரன் 941-க்குள் நெல்லூர் வரை சென்று வென்றமையால் வேங்கிக்கும் சோழ நாட்டுக்கும் இடையே தொடர்பு ஏற்பட்டிருந்தமையாலும், அவள் வேங்கி இளவரசியே என்று சிலர் கருதினர். அப்படியானால், பின்னர் இராஜராஜனின் மகள் குந்தவை வேங்கிக்கு மணமகளாகச் சென்றபோது, வந்த பெயர் வந்த இடத்துக்கே திரும்பிற்று என்றாகும். இந்தப் பொருத்தம் மிகவும் அழகாயிருக்கிறது என்பதே அதனை நம்பத் தயங்குவதற்கும் காரணமாகிறது. பீமன் என்பது ஒரு வம்சத்தார் மட்டும் இட்டுக்கொண்ட பெயரன்று. கங்கர், பாணர் வழிச் சிற்றரசர் ஒருவரின் மகளாக அவள் இருந்திருக்கவும் கூடும். பெயரின் முன்வரலாறு அதற்கே அதிகம் இடமளிக்கிறது. எவ்வாறாயினும் அவள் சோழர் இல்லத்துக்கு வெளியிலிருந்து வந்த மருமகள் என்பதும், பெயரைத் தன் சீதனத்தோடு கொண்டுவந்தாள் என்பதும் நிச்சயம்.

வந்த மருமகளின் பெயர் பிறந்த மகளுக்கு வாய்த்தது எப்படி? பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன், பாட்டி பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி என்பது தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் முறை. சுந்தர சோழன், அரிஞ்சயனின் மற்றொரு தேவியாகிய கல்யாணியின் மகன். வீமன் குந்தவை அவனுக்குச் சிற்றன்னை முறையினள். அவன் தன் மகளுக்குக் குந்தவை என்று பெயரிட்டபோது, அரண்மனையில் மூத்த பாட்டியாய் விளங்கியவளின் பெயரை இட்டான் என்று கொள்வதே பொருந்தும். சொந்தப் பாட்டியின் பெயரல்லாமல் சிறிய பாட்டியின் பெயரை இட்டது ஏன் என்று கேட்பவர்க்கு, ஒரு வீட்டில் எந்தக் கிழவியின் சொல் செல்லுகிறது என்பதை வம்சாவளிப் பட்டியல் காட்டாது என்பதையே பதிலாகச் சொல்லலாம்.

இவ்விரண்டாம் குந்தவையைத்தான் உலகம் அறியும். அவள் சாசனங்களில் தன்னைப் பராந்தகன் குந்தவை என்றே குறித்துக்கொள்கிறாள். பராந்தகன் என்பது சுந்தர சோழனின் மற்றொரு பெயர். வல்லவரையர் வந்தியதேவரின் தேவி என்ற செய்தியும் தஞ்சைச் சாசனத்திலிருந்தே தெரிகிறது. பெரிய கோயிலில், அரசன் கொடுத்தவற்றை அடுத்து அக்கன் கொடுத்தவற்றையும், அதற்குப் பின்னரே பெண்டுகள் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டும்படி இராஜராஜன் ஆணையிட்ட வரிசையே அவளுடைய ஸ்தானத்தை உணர்த்தப் போதுமானது. அக்கோயிலில் அவள் எழுந்தருளுவித்த திருமேனிகளுள், பொன்மாளிகையில் துஞ்சிய தன் தந்தையின் படிமமும், கணவனோடு உயிர் துறந்த தாயின் படிமமும் அடங்கும். பெயரால் பாட்டியையும் படிமத்தால் பெற்றோரையும் நிலைநிறுத்தியவள் அவள்.

வந்தியதேவனைப் பற்றி ஒரு சிறு விலகல். அவனுடைய குலம் இன்னது என்று சாசனம் விளம்பவில்லை. கல்கி தம் பொன்னியின் செல்வன் நாவலில் அவனைத் திருவல்லத்து வாணர், அதாவது பாணர், குலத்து வீரனாக்கினார். அவ்வாறு செய்தபோது, அதே திருவல்லத்தில் வாண அரசனொருவனுக்குக் குந்தவ்வை என்னும் பெருந்தேவி ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இருந்தாள் என்பதை அவர் நினைத்தாரோ இல்லையோ, கற்பனை வாணனுக்கு மெய்யான வாணன் மனைவியின் பெயருடையாளே வாய்த்தாள்.

5. வேங்கியும் தில்லையும்

இராஜராஜன் தன் மகளுக்குத் தமக்கையின் பெயரை இட்டான். அவளே வேங்கி இளவரசன் விமலாதித்தனை மணந்து, இராஜராஜ நரேந்திரனைப் பெற்றவள். நரேந்திரன் இராஜேந்திரனின் மகளான அம்மங்கதேவியை மணந்தான். அவ்விருவரின் மகனே குலோத்துங்கன். இக்குலோத்துங்கனின் தங்கையும் குந்தவைதான். தந்தை வழிப் பாட்டியின் பெயர் பிழையறப் பெயர்த்திக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சகம் 1036-இல், அதாவது 1114-ஆம் ஆண்டில், அவள் தில்லைக் கூத்தப்பிரானுக்குப் பொன் வழங்கிய செய்தியைச் சிதம்பரச் சாசனம் கூறுகிறது. காம்போஜ அரசன் குலோத்துங்கனுக்குக் காட்டிய கல்லொன்று கோயிலில் பதிக்கப்பட்டதையும் அதே சாசனம் சொல்வதால், கடல் கடந்த உறவுகளை ஆராய்வோர் அதனை நன்கு அறிவர்.

இவள் இராஜராஜன் குந்தவை என்றே குறிக்கப்படுகிறாள். அத்தொடர் முதலாம் இராஜராஜனின் மகளுக்கும் அப்படியே பொருந்தும் என்பதால், பாட்டியும் பெயர்த்தியும் ஒரே சொற்றொடருக்குள் ஒடுங்கிவிடுகின்றனர். காலக் குறிப்பைப் பாராது பெயரை மட்டும் பார்க்கும் எழுத்தாளர் இருவரையும் ஒருத்தியாக்கிவிடும் அபாயம் இங்கு உண்டு. தந்தையின் பெயரை முன்னொட்டாகச் சேர்த்து வீமன், பராந்தகன், இராஜராஜன் என்று வேறுபடுத்த வேண்டியிருந்ததே, ஒரு குடும்பத்துக்குள் இப்பெயர் எவ்வளவு நெருக்கமாகத் திரும்பத் திரும்ப இடப்பட்டது என்பதற்கு அத்தாட்சி.

6. மறதியும் மீட்பும்

அரசகுலத்தின் வீட்டுப் பெயராய் இருந்ததுதான் இதன் பெருமை. அதுவே இதன் பலவீனமுமாயிற்று. சோழ வம்சம் மறைந்ததும் இப்பெயரைச் சுமந்து செல்ல வேறு வாகனம் இல்லை. கோதை என்ற பெயர் ஆண்டாளின் வாயிலாகவும், மங்கையர்க்கரசி என்ற பெயர் அறுபத்துமூவர் வரலாற்றின் வாயிலாகவும் ஜனங்களின் நாவில் உயிரோடிருந்தன. குந்தவைக்குத் திருநாளும் இல்லை, புராணமும் இல்லை. ஏன், அவள் தம்பியின் கதியே அப்படித்தான் இருந்தது: தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் கரிகாலன் என்று தலபுராணம் சொல்ல, ஊரார் நம்பினர், இராஜராஜனே கட்டினான் என்பதைக் கல்வெட்டுகளைக் கொண்டு நிலைநாட்ட ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பண்டிதர் வர வேண்டியிருந்தது. அவர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதி 1891-இல் வெளிவரத் தொடங்கியபோது, பல நூற்றாண்டுகளாக மறந்திருந்த குந்தவை என்ற பெயர் விரிவாக அச்சேறியது.

அதன்பின் நீலகண்ட சாஸ்திரியார் 1930-களில் ஆங்கிலத்திலும், சதாசிவ பண்டாரத்தார் 1949 முதல் தமிழிலும் எழுதிய சோழர் சரித்திரங்கள் அவளைக் கற்றோருக்கு அறிமுகம் செய்தன. கற்றோர் அல்லாதாருக்கு அறிமுகம் செய்தது 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த பொன்னியின் செல்வன். இளைய பிராட்டி என்ற பட்டத்தோடு கல்கி படைத்த குந்தவை, ராஜதந்திரத்தில் ஆடவரை விஞ்சியவள், தம்பியை உருவாக்கியவள். மணிரத்னத்தின் திரைப்படங்கள் 2022-லும் 2023-லும் வெளிவந்தபின், தமிழறியாதாரும் அப்பெயரை உச்சரிக்கலாயினர். ஆகவே நம் நினைவிலுள்ள குந்தவை பரம்பரையாக வந்தவளல்லள். கல்வெட்டுகளை மைப்படி எடுத்தவர்களும் நாவலாசிரியரும் சேர்ந்து மீட்டுத் தந்தவள்.

7. இன்னும் அரிதாய் இருப்பதன் காரணம்

அந்நாவலைப் படித்து உருகிய பெற்றோர் தம் பெண்களுக்கு வானதி என்றும் பூங்குழலி என்றும் பெயரிட்டனர். அவ்விரு பெயர்களும் நம்மிடையே தாராளமாக வழங்குகின்றன. நஞ்சுடையாளாகச் சித்திரிக்கப்பட்ட நந்தினியின் பெயருக்குக்கூடப் பஞ்சமில்லை. தலைமைப் பாத்திரமான குந்தவையோ பின்தங்கினாள்.

முதற்காரணம் பொருள் விளங்காமை. மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் செல்வாக்கு பெருகிய காலம் அது; காதில் விழுந்த மாத்திரத்தில் பொருள் விரியும் பெயர்களையே அக்காலத்துப் பெற்றோர் நாடினர். பூங்குழலி தன் பொருளைத் தானே சொல்கிறது. வானதி வானத்து நதியென்று விரிகிறது. குந்தவையைக் கேட்டவர்க்கு எதுவும் விரிவதில்லை. வடமொழிப் பெயரை விரும்பியோருக்கு அது தெய்வப் பெயராகவும் தோன்றவில்லை. தமிழ்ப் பெயரை விரும்பியோருக்கு அகராதியில் எளிதாக அகப்படவும் இல்லை. இரு கட்சியாரும் கைவிட்ட பெயர் அது.

இரண்டாம் காரணத்தை ஆய்வுக் கட்டுரையில் எழுதக் கூச்சமாயிருக்கிறது. ஆனால் மெய்யான காரணத்தைக் கௌரவக் குறைவென்று ஒதுக்குவதும் முறையன்று. வட தமிழ்நாட்டில் உட்காருவதைக் குந்துதல் என்பர். குந்தவை என்ற பெயரைப் பிரித்தால் ‘குந்த வை’ என்றாகி, யாரையோ உட்கார வைக்கச் சொல்லும் ஏவலாய் முடிகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பரிகாசத்துக்கு இதைவிட வசதியான பெயர் கிடைப்பது கடினம். அவ்வை என்ற ஈறு வழக்கில் உயிரோடிருந்த காலத்தில் இந்தப் பிரிப்பு எவருக்கும் தோன்றியிராது. வகரம் ஒன்று தேய்ந்து, ஈற்றின் பொருள் மறைந்த பிறகே அதற்கு இடம் உண்டாயிற்று. நந்தினிக்கோ வானதிக்கோ இத்தகைய இடையூறு இல்லை.

மூன்றாவது, பெயர் ஒருத்திக்கே உரியதாகிவிட்டமை. குந்தவை என்றால் இராஜராஜனின் தமக்கை என்ற ஒரே உருவம்தான் எழுகிறது. பெயரை இடுவது அவளைத் தொட்டிலில் இடுவதாகத் தோன்றுகிறது. மங்கையர்க்கரசியைப் போலப் பலராலும் சுமக்கப்பட்டுக் கனம் குறைந்த பெயராக அது ஆகவில்லை. அதனால்தான் நிறுவனங்கள் அதனை எளிதில் ஏற்றுக்கொள்கின்றன. தஞ்சையிலுள்ள அரசு மகளிர் கலைக் கல்லூரி குந்தவை நாச்சியார் பெயரால் விளங்குகிறது. அங்கும் மதிப்புச் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சாசனங்கள் பிராட்டியார் என்றும் ஆழ்வார் என்றும் சேர்த்தெழுதிய அதே மரியாதை. கூப்பிடும் பெயராக மாற வேண்டுமானால் அந்தப் பட்டங்கள் உதிர்ந்து, அதட்டவும் கொஞ்சவும் ஒரு சுருங்கிய வடிவம் பிறக்க வேண்டும். திரைப்படங்கள் வெளிவந்த பின்னர் அத்தகைய வடிவம் வீடுகளில் பிறக்கத் தொடங்கியிருந்தால், அதற்குரிய ஆதாரம் கல்வெட்டுகளில் அல்ல, வரும் ஆண்டுகளின் பள்ளி வருகைப் பதிவேடுகளிலேயே கிடைக்கும்.